அறுபது வயது இன்ஜின், நாற்பது வயது ரயில்

செவர்ன் ஆற்றுக்கு அடியில் ஏழு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கம் இருக்கிறது. 1886-இல் திறந்தது. இங்கிலாந்திலிருந்து வேல்ஸுக்குப் போகும் ரயில்கள் அதைவிட்டு வெளியே வந்த சில நிமிடங்களில் செவர்ன் டனல் ஜங்ஷன் என்ற சிறிய நிலையத்தைக் கடக்கும். 2022 கோடையில் ஒரு பிற்பகல், அந்த நிலையத்தின் நடைமேடைக் கோடியில் கேமராவோடு நின்றிருந்தேன். முதலில் சத்தம்தான் வந்தது. நவீன ரயிலின் சீறலாக இல்லை. அடித்தொண்டையிலிருந்து வரும் உறுமல். பிறகு மூக்கு நீட்டிய பழைய டீசல் இன்ஜின் ஒன்று வளைவில் தெரிந்தது. அதன் பின்னால் வெள்ளையும் பச்சையும் பூசிய எட்டுப் பெட்டிகள்.

அந்தப் பெட்டிகளுக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. அவை தென் லண்டனின் புறநகர்ப் பாதைகளில் ஆள் ஏற்றி இறக்கியவை. கிளாஸ் 455 என்ற மின்சார ரயில்கள், 1982 முதல் 1985 வரை யார்க் நகரில் கட்டப்பட்டவை. நியூபோர்ட் துறைமுகத்தில், உலோகத்தை நொறுக்கும் பேரியந்திரம் இருக்கும் சிம்ஸ் நிறுவனத்தின் முற்றத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. நம் பேச்சில் சொன்னால், காயலான் கடைக்கு. இழுத்துச் சென்றது கிளாஸ் 37. 1960 முதல் 1965 வரை இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனம் கட்டிய 309 இன்ஜின்களில் ஒன்று. பின்னால் வருகிற ரயிலைவிட அதற்கு இருபது வயது கூட. பேரன் வயதுள்ள வண்டியைத் தாத்தா இன்ஜின் கைப்பிடித்துக் கூட்டிப்போகிறது.

இந்தக் காட்சியைப் படமெடுக்கவென்றே விடுப்பு எடுத்துக்கொண்டு பாலங்களிலும் நடைமேடைகளிலும் காத்து நிற்பவர்கள் பிரிட்டனில் நிறையப் பேர். இன்ஜின் மீதுள்ள ஆசை ஒரு காரணம், சந்தேகமே இல்லை. ஆனால் நான் பார்த்தவரை, பிரிட்டிஷ் ரயில்வே எப்படித் துண்டுதுண்டாக வளர்ந்தது என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டும் படம் வேறில்லை. மின்சாரம் ஏன் ஒத்துப்போகவில்லை, கொக்கி ஏன் பொருந்தவில்லை, ஓடக்கூடிய ரயில் ஏன் ஓரங்கட்டப்பட்டது, எல்லாவற்றுக்கும் விடை அந்த ஒரு படச்சட்டத்துக்குள் இருக்கிறது.

தலைக்கு மேலே கம்பி, இருந்தும் டீசல்

அந்த நிலையத்தில் தண்டவாளத்துக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி ஓடுகிறது. லண்டனிலிருந்து கார்டிஃப் வரை வரும் மின்தடம் அது. கீழே போவதும் மின்சார ரயில்தான். பிறகு எதற்கு டீசல்?

455-க்கு அந்தக் கம்பியால் ஒரு பயனும் இல்லை. தேம்ஸ் நதிக்குத் தெற்கே உள்ள தடங்களில் பெரும்பாலானவை 'மூன்றாம் தண்டவாளம்' என்ற முறையில் மின்மயமானவை. ஓடும் இரண்டு தண்டவாளங்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று, அதில் 750 வோல்ட் நேர்மின்சாரம். ரயிலின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டை அதை உரசி மின்சாரம் எடுத்துக்கொள்ளும். இது இரு உலகப் போர்களுக்கு இடையே விரிந்த முறை. மற்ற இடங்களுக்கு மேற்கம்பியில் 25,000 வோல்ட் மாறுமின்சாரம்தான் இனி முறை என்று 1956-இல் முடிவானபோது, தெற்கு ஏற்கெனவே வேறு வழியில் வெகுதூரம் போயிருந்தது. அந்த எல்லையைத் தாண்டிய நொடியே 455 வெறும் இரும்புப் பெட்டிதான்.

மேற்கம்பி ரயிலுக்கும் கதை ரொம்ப மாறிவிடாது. பிரிட்டனின் ரயில் தடங்களில் சுமார் 38 சதவீதம் மட்டுமே மின்மயமானவை. தொழிற்சாலையின் உள்தடம், வேலையில்லாத ரயில்களை நிறுத்திவைக்கும் கிடப்பு யார்டு, உடைக்கும் முற்றம் ஆகியவற்றில் பெரும்பாலும் கம்பியே கிடையாது. கம்பி இருந்தாலும் எந்த ரயிலும் எந்தத் தடத்திலும் ஓடிவிட முடியாது. அந்த ரயிலின் மின்கருவிகள் அங்குள்ள சிக்னல் சுற்றுகளைக் குழப்பாது என்று முன்பே உறுதிசெய்திருக்க வேண்டும். ஓட்டுநருக்கு அந்த ரயிலும் தெரிந்திருக்க வேண்டும், அந்தப் பாதையும் தெரிந்திருக்க வேண்டும். தென் லண்டன் ரயிலை ஓட்டப் பழகியவர் வேல்ஸ் பாதையைக் கற்றிருக்க மாட்டார்; வேல்ஸ் பாதை தெரிந்தவர் 455-ஐத் தொட்டிருக்க மாட்டார். பத்துப் பயணங்களுக்காக யாரையும் அமர்த்திப் பயிற்சி கொடுப்பதில் அர்த்தமில்லை. டீசல் இன்ஜினை முன்னால் மாட்டினால் இவை அத்தனையும் ஒரே வீச்சில் தீர்ந்துவிடும்.

தீராத ஒன்று, கொக்கி.

கொக்கியும் காற்றும்

பழைய பிரிட்டிஷ் இன்ஜின்களின் முகப்பில் மோதலைத் தாங்கும் இரண்டு பஃபர்களும், நடுவில் ஒரு கொக்கியும், திருகிறுக்கும் சங்கிலியும் இருக்கும். மின்சார ரயில்களின் முகப்பில் இருப்பது தானாகப் பூட்டிக்கொள்ளும் கப்ளர். அதிலும் ஒரே வகை கிடையாது. 455-இல் ஒன்று, பின்னால் வந்த ரயில்களில் டெல்னர் என்ற ஸ்வீடன் வகை, அதிலும் உயரமும் மின் இணைப்பும் ரயிலுக்கு ரயில் மாறும். இழுக்கும் தொழிலில் இருப்பவர்களின் பாதிக் கவலை இதுதான்.

தீர்வு இரண்டு வகை. ஒன்று, நடுவில் ஒரு தரகுப் பெட்டி. ஒரு முனையில் சங்கிலியும் பஃபரும், மறு முனையில் ரயிலுக்கு ஏற்ற கப்ளர். இன்னொன்று, இன்ஜினின் முகப்பையே மாற்றிவிடுவது. அதற்கு நல்ல உதாரணம் கிளாஸ் 57. 1960களின் கிளாஸ் 47 இன்ஜின்களில் 33-ஐ எடுத்து, உள்ளே வேறு டீசல் இயந்திரம் பொருத்தி, 1998 முதல் 2004 வரை மறுபிறவி கொடுத்தார்கள். அவற்றில் ஒரு பிரிவுக்கு டெல்னர் கப்ளர் மாட்டினார்கள். மேற்குக் கடற்கரைத் தடத்தில் பெண்டோலினோ என்ற விரைவு ரயில் நடுவழியில் நின்றுபோனால் ஓடிப்போய் இழுத்துவர வேண்டும் என்பதுதான் அன்றைய நோக்கம். ஆபத்தில் உதவ வைத்த அதே கொக்கிதான் பின்னாளில் அவற்றுக்குச் சோறு போட்டது. 2010களின் நடுவில் ரயில் ஆபரேஷன்ஸ் குரூப் என்ற நிறுவனம் இப்படி இழுத்துச் செல்வதையே முதன்மைத் தொழிலாக எடுத்துக்கொண்டு வந்தது. அவர்கள் ஓட்டிய 37-களின் முகப்பிலும் இப்படி மாற்றுக் கப்ளர்கள் பூட்டியிருந்ததால், அறுபதாண்டுப் பழைய மூக்குக்குக் கீழே நவீன இரும்புக் கை நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பகுதியை மட்டும் நெருக்கத்தில் எடுத்த படங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன. முழு ரயில் படங்களைவிட அவற்றைத்தான் நான் அதிகம் திரும்பிப் பார்க்கிறேன்.

கொக்கி மாட்டினால் மட்டும் போதாது; பிரேக் பிடிக்க வேண்டும். இன்ஜினிலிருந்து ஒரு காற்றுக் குழாய் ரயிலின் நீளம் முழுக்க ஓடும். அதில் 5 பார் அழுத்தம் இருந்தால் பிரேக் விடுபட்டிருக்கும். அழுத்தம் குறைந்தால் பிடிக்கும். குழாய் அறுந்தாலும் பிடிக்கும் என்பதால் பாதுகாப்பான முறை. ஆனால் புதிய ரயில்களில் பிரேக்குக்கான கட்டளை காற்றில் போவதில்லை, மின்கம்பியில் போகிறது. காற்றழுத்தத்தை மின்குறிப்பாக மொழிபெயர்க்க நடுவில் ஒரு கருவி வேண்டும். அது இல்லையென்றால் பின்னால் வரும் ரயிலின் பிரேக் முழுதாகக் கைகொடுக்காது. வேகத்தைக் குறைத்துத்தான் போக வேண்டும். உயிரற்ற ரயிலை இழுத்துச் செல்லும் பயணங்கள் மெதுவாக, பகல் வேளையில் பக்கத்தடங்களில் ஒதுங்கி ஒதுங்கிப் போவதற்கு இது ஒரு காரணம். படமெடுப்பவருக்கு அதனால் லாபம்தான்.

ஓடக்கூடிய ரயில் ஏன் உடைபடுகிறது

455-க்கு நாற்பது வயது, போனது வருத்தமில்லை என்று சொல்லலாம். கிளாஸ் 365 என்ற இன்னொரு மின்சார ரயிலை அப்படிச் சொல்ல முடியாது. 1994–95-இல் யார்க்கில் கட்டிய 41 ரயில்கள். ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் வைக்கும்போது முகப்பில் பொருத்திய காற்றுத் துவாரம் வளைந்து அமைந்துபோனதில், ரயில் சிரிப்பதுபோல இருக்கும். பயணிகளுக்கு அது 'சிரிக்கும் ரயில்'. 2021 மே மாதம் ஓய்வுபெற்றபோது அதற்கு வயது இருபத்தாறுதான். மின்சார ரயிலுக்கு அது நடுவயது.

1990களில் பிரிட்டிஷ் ரயிலைத் தனியாருக்குப் பிரித்துக் கொடுத்தபோது, பெட்டிகளின் உரிமை ரயில் ஓட்டும் நிறுவனங்களுக்குப் போகவில்லை. ஏஞ்சல், போர்ட்டர்புரூக், எவர்ஷோல்ட் என்று மூன்று குத்தகை நிறுவனங்களின் கைக்குப் போயிற்று. ஓட்டுபவர் வாடகைக்கு எடுக்கிறார். ஒப்பந்தம் முடிந்ததும் திருப்பிக் கொடுக்கிறார். புதிய ஒப்பந்தக்காரர் புதிய ரயில் வாங்கினால், பழையதற்கு வாடகைக்காரர் இல்லை. 2010களில் வட்டி மலிவாக இருந்தபோது புதிய ரயில்களுக்கான ஆர்டர்கள் குவிந்தன. மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள் 2020 ஜனவரியிலிருந்து கட்டாயம் என்ற விதியும் சேர்ந்துகொள்ள, பழைய ரயில்களைத் திருத்துவதா, தள்ளிவிடுவதா என்ற கணக்கில் தள்ளிவிடுவது பல இடங்களில் ஜெயித்தது. 2024-இல் பயணிகள் ரயில் சேவைகளை அரசே எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்த பிறகும் பெட்டிகள் குத்தகையில்தான் இருக்கின்றன.

ஓட்டத்துக்கும் உடைப்புக்கும் நடுவில் கிடப்பு என்று ஒரு நிலை உண்டு. அடுத்த வாடகைக்காரர் வருவாரா என்று உரிமையாளர் காத்திருக்கும் காலம் அது. ஈலி ஊரின் பாப்வொர்த் பக்கத்தடங்கள், லாங் மார்ஸ்டனின் பழைய ராணுவக் கிடங்கு, வொர்க்சாப் யார்டு என்று இதற்கென்றே பேர்போன இடங்கள் இருக்கின்றன. சில ரயில்களுக்கு அங்கிருந்து மீட்சி கிடைக்கும். 2011-இல் ஓடத் தொடங்கிய கிளாஸ் 379 ரயில்கள் முப்பதும் 2022-இல் ஓரங்கட்டப்பட்டு, மூன்று ஆண்டு கழித்து வேறு தடத்தில் மறுபடி ஓட வந்தன. சிலவற்றுக்கு மீட்சி நெருங்கி வந்து நழுவும். மூன்றாம் தண்டவாளத்தில் 1988-இல் உலக வேகச் சாதனை படைத்த கிளாஸ் 442 ரயில்களைக் கோடிக்கணக்கான பவுண்டு செலவில் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள்; 2021-இல் வேண்டாம் என்று முடிவானது. புதுச் சாயம் காயாத பெட்டிகள் உடைக்கப் போயின. அந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் கோபம்தான் வருகிறது.

கிடப்பில் கிடந்த ரயிலைப் படத்திலேயே அடையாளம் கண்டுவிடலாம். கூர்ந்து பாருங்கள்: ஜன்னல் ரப்பர் ஓரங்களில் பச்சைப் பாசி. கூரை விளிம்பிலிருந்து கீழே ஒழுகிய கறுப்புக் கோடுகள். சக்கரத்தின் பக்கவாட்டில் செம்பழுப்புத் துரு, தண்டவாளத்தில் உருளும் விளிம்பு மட்டும் சற்று முன்பு தேய்ந்து பளபளப்பாக. செவர்ன் டனல் ஜங்ஷனில் என்னைக் கடந்த 455-இல் கதவுக்கு மேலே தென் லண்டன் தட வரைபடம் இன்னும் ஒட்டியிருந்தது. ஊர்ப் பெயர் காட்டும் பலகை கறுத்துக் கிடந்தது. இருக்கைகள் அப்படியே இருந்தன.

பிறக்கும்போதும் இழுத்துத்தான்

கடைசிப் பயணத்துக்கு மட்டுமல்ல, முதல் பயணத்துக்கும் டீசல்தான் வரும். டெர்பியின் லிட்ச்சர்ச் லேன் தொழிற்சாலையிலிருந்து வெளியேறும் புது ரயில்கள், ஜெர்மனியின் கிரேஃபெல்டிலிருந்து ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கம் வழியாக வந்த சீமென்ஸ் ரயில்கள் எல்லாம் தம் சொந்தக் காலில் நடக்க அனுமதி வாங்கும்வரை யாராவது இழுத்தாக வேண்டும்.

இதில் மறக்க முடியாதது லண்டன் அண்டர்கிரவுண்டின் எஸ் ஸ்டாக். குளிர்சாதனம் வைத்த, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை உள்ளேயே நடந்துபோகக்கூடிய ரயில். மொத்தம் 1,400-க்கும் மேற்பட்ட பெட்டிகள், டெர்பியில் கட்டியவை. அண்டர்கிரவுண்டின் மின்முறையில் மூன்றல்ல, நான்கு தண்டவாளங்கள். ஆகவே டெர்பியிலிருந்து ஓல்டு டால்பி சோதனைத் தடத்துக்கும் அங்கிருந்து லண்டனுக்கும் இழுத்துத்தான் போக வேண்டும். அந்த வேலைக்கு வந்தவை கிளாஸ் 20 இன்ஜின்கள். 1957-இல் தொடங்கிய, ஆயிரம் குதிரைத்திறன் மட்டுமே கொண்ட, ஒரு முனையில் மட்டும் ஓட்டுநர் அறை வைத்த சின்ன இன்ஜின்கள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நடுவில் தரகு வண்டிகள், அவற்றுக்கிடையே பளபளக்கும் புது ரயில். ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப நடந்ததால் அன்றைக்கு எடுத்தவர்களுக்கு அது சாதாரணக் காட்சியாகிவிட்டது. இன்று அந்தப் படங்கள் விலைமதிப்பில்லாதவை.

புது ரயில் நேராகக் கிடப்புக்குப் போவதும் உண்டு. தென்மேற்கு லண்டனுக்காக 2017-இல் ஆர்டர் கொடுத்த 701 வகை, 750 பெட்டிகள். 2019-லேயே வரவேண்டியது, முதல் பயணியை ஏற்றியது 2024 ஜனவரியில். மென்பொருள் கோளாறும் ஒப்புதல் தாமதமும் தீரும்வரை, கட்டி முடித்த ரயில்களை நாடெங்கும் இடம் தேடி நிறுத்தினார்கள். ஒரு பக்கம் புதிது போய்க் கிடக்க, மறு பக்கம் அது மாற்ற வேண்டிய 455 இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

எதைப் படமெடுப்பது

தகவல் கிடைப்பது முன்புபோலக் கஷ்டமில்லை. பிரிட்டனின் தண்டவாளங்களைப் பராமரிக்கும் நெட்வொர்க் ரயில் நிறுவனம் தன் ரயில் ஓட்டத் தரவுகளை 2012 முதல் பொதுவில் திறந்துவிட்டது. ஒவ்வொரு பயணத்துக்கும் நான்கு எழுத்துக் குறியீடு உண்டு. முதல் இலக்கம் ரயிலின் வகை: 5 என்றால் ஆளில்லாப் பெட்டிகள். அடுத்து வரும் எழுத்து 'க்யூ' என்றால் வழக்கமான அட்டவணைக்கு வெளியே உள்ள சிறப்பு ஓட்டம். 5-க்யூ என்று தொடங்கும் வரியைப் பார்த்தால் ரசிகர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் இந்த ரயில்கள் பயணிகளுக்குப் பதில்சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மணி நேரம் முன்னதாகவும் போகும், ரத்தும் ஆகும். தண்ணீர் பாட்டிலும் பொறுமையும் கேமரா அளவுக்கு முக்கியம்.

கணக்கு ஒன்று சொல்கிறேன். 37-இன் நீளம் கிட்டத்தட்ட 19 மீட்டர், எட்டுப் பெட்டி 455-க்கு 160 மீட்டர். மணிக்கு 60 மைல் வேகத்தில் வந்தால் விநாடிக்கு 27 மீட்டர். மொத்த ரயிலும் ஏழு விநாடியில் உங்களைக் கடந்துவிடும். ஷட்டர் 1/500-இல் இருந்தால் அந்த இடைவெளிக்குள் ரயில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். நேர்ப் பக்கவாட்டில் எடுத்தால் எழுத்துகள் கலங்கும். 1/1000 வைத்துக்கொள்வது நல்லது. சற்று முன்பக்கமாக, சாய்ந்த கோணத்தில் எடுப்பவர்களுக்குக் கொஞ்சம் தாராளம் உண்டு.

அந்தச் சாய்ந்த கோணத்தோடுதான் எனக்கு வழக்கு. முக்கால் முகம், வெயில் முதுகுக்குப் பின்னால், இன்ஜின் படச்சட்டத்தை நிறைத்துக்கொண்டு வர, பின்னால் ரயில் சுருங்கி மறையும் படம். இதைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். இன்ஜின் நாளையும் வரும், அடுத்த வாரமும் வரும். திரும்ப வராதது பின்னால் இருப்பது. அதன் முகம் இன்ஜினுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. டெலிபோட்டோ லென்ஸால் எடுத்தால் இன்னும் மோசம். பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று நசுங்கி, என்ன ரயில் என்றே தெரியாது. கொஞ்சம் பக்கவாட்டுக்கு வாருங்கள். இன்ஜினும் ரயிலும் சேரும் இடத்தை நடுவில் வையுங்கள். உருண்ட மூக்கு, தட்டை முகம், இடையில் கப்ளரும் தொங்கும் காற்றுக் குழாய்களும். இரண்டு காலங்கள் கைகுலுக்கிக்கொள்ளும் இடம் அது.

பிறகு கேமராவை இறக்காமல் திரும்பி, வால்பக்கத்தையும் எடுங்கள். உயிரற்ற ரயிலின் சொந்தப் பின்விளக்கு எரியாது. ஆனால் ரயில் அறுபடாமல் முழுதாகப் போகிறது என்று தெரிய, கடைசிப் பெட்டியில் சிவப்பு விளக்கு இருந்தே தீர வேண்டும். அதனால் பேட்டரியில் எரியும் ஒரு சின்னக் கைவிளக்கைக் கொக்கியில் மாட்டிவிடுவார்கள். நாற்பது ஆண்டு ஓடிய ரயிலின் முகத்தில் அந்த ஒற்றை விளக்கு சிமிட்டிக்கொண்டே தூரத்தில் போவதைப் பார்த்தவர்களுக்கு அது சீக்கிரம் மறக்காது.

ஃபிளாஷ் கூடவே கூடாது. ஓட்டுநரின் கண் கூசும். மஞ்சள் கோட்டுக்குப் பின்னாலேயே நில்லுங்கள், வேலி தாண்டாதீர்கள். பிரிட்டனில் தடத்தில் அத்துமீறி நுழைவது குற்றம். மூன்றாம் தண்டவாளப் பகுதியில் அது உயிர்போகும் காரியமும்கூட.

வீட்டுக்கு வந்ததும் ரயிலின் எண், இன்ஜின் எண், தேதி, இடம், எங்கிருந்து எங்கே என்று படத்தோடு எழுதிவையுங்கள். நீராவி இன்ஜின்கள் பாரி ஊரின் உடைப்பு முற்றத்தில் ஆண்டுக்கணக்கில் நின்றதால், அங்கே போன 297-இல் 213 மீண்டன. மின்சார ரயில்களுக்கு அந்த அவகாசம் இல்லை. வந்த சில நாளில் துண்டாகிவிடும். மீட்டாலும் ஓட்ட இடமில்லை, ஏனென்றால் பாரம்பரிய ரயில் தடங்களில் பெரும்பாலும் மின்சாரம் கிடையாது. காப்பாற்றிய மின்சார ரயிலையும் அங்கே ஒரு டீசல்தான் இழுக்கிறது. ஆக, ஒரு வகை ரயில் முழுவதும் இல்லாமல் போகும்போது மிஞ்சுவது பெரும்பாலும் படம்தான், அதுவும் எண் எழுதிய படம்.

செவர்ன் டனல் ஜங்ஷனில் 455 போன பிறகு, என்னோடு நின்றவர்கள் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நான் அடுத்த ரயிலுக்காக இருந்தேன். மாலை வெயில் சாய்ந்த நேரத்தில் நியூபோர்ட் பக்கமிருந்து அதே 37 திரும்பி வந்தது. பின்னால் ஒன்றுமில்லை. தனி இன்ஜின் என்பதால் இப்போது அதன் குறியீடு சுழியத்தில் தொடங்கும். முகப்பில் மாற்றுக் கப்ளர் காலியாக நீட்டிக்கொண்டிருந்தது. வரும்போது உறுமியது இப்போது சும்மா உருண்டு போனது. ஓட்டுநர் கையசைத்தார். ஒரு படம்தான் எடுக்க முடிந்தது.